நிலவொளியா, வெயிலா? ஆன்சல் ஆடம்ஸின் கறுப்பு வானம்

கறுப்பு-வெள்ளையில் நிலக்காட்சி எடுக்க ஆரம்பித்தபோது எனக்குத் தெரிந்தது ஒரே விதிதான்: நிழலுக்குள் இருப்பதெல்லாம் தெரிய வேண்டும். கணினியில் 'ஷேடோஸ்' ஸ்லைடரை வலது பக்கம் தள்ளிக்கொண்டே போவேன். பாறை இடுக்கு, புதர், மரத்தடி எல்லாம் தெரியும். ஆனால் படம் சாம்பல் பூசின மாதிரி ஆகிவிடும். சரியென்று கான்ட்ராஸ்ட்டை ஏற்றினால், தெரிந்ததெல்லாம் மறுபடி இருட்டுக்குள் போய்விடும். ஒரு பிழையைத் திருத்தினால் இன்னொன்று முளைப்பது எங்கள் மென்பொருள் தொழிலில் சகஜம். இதுவும் அப்படித்தான் இருந்தது.

இந்தக் குழப்பத்தோடு ஆன்சல் ஆடம்ஸின் 'மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ், நியூ மெக்சிகோ' படத்தைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தேன். கீழே ஒரு சின்னக் கிராமம், தேவாலயம், கல்லறைத் தோட்டத்தில் வெள்ளைச் சிலுவைகள். தூரத்தில் பனி மலைகள், அதன்மேல் ஒரு மேகப் பட்டை. மேலே நிலா. படத்தின் பாதிக்கு மேல் வானம்தான், அதுவும் ஏறக்குறைய முழுக் கறுப்பு.

எடுத்தது 1941ல். தேதியை ஆடம்ஸ் குறித்து வைக்கவில்லை. நிலாவின் இடத்தை வைத்துக் கணக்குப் போட்டு நவம்பர் 1, மாலை சுமார் 4.49 மணி என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள்.

அன்று ஒளிமானி அவர் கைக்கு அகப்படவில்லை. சிலுவைகள் மேல் விழும் வெயில் எந்த நிமிடமும் போய்விடும். நிலாவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது மட்டும் அவர் நினைவில் இருந்தது. அதை 7ஆம் மண்டலத்தில் வைத்தார். மண்டலம் என்பது வேறொன்றுமில்லை. முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 10, ஒவ்வொரு படிக்கும் ஒளி இரட்டிப்பு. 7க்கு 250 என்றால் நடுச் சாம்பலான 5க்கு சுமார் 60. அவருடைய ஃபிலிம் ஏஎஸ்ஏ 64. அதன் வர்க்கமூலம் 8. ஆகவே எஃப் 8ல் 1/60 விநாடி. மஞ்சள் ஃபில்டருக்கு மூன்று மடங்கு: 1/20. எஃப் 32க்கு இறக்கினால் இன்னும் பதினாறு மடங்கு: ஏறக்குறைய 1 விநாடி. நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். இரண்டாவது நெகட்டிவ் எடுப்பதற்குள் சிலுவைகளிலிருந்து வெயில் போய்விட்டது.

இந்தக் கணக்கு நிலாவைக் காப்பாற்றியது. விலை கொடுத்தது தரை. நிழலுக்கு எக்ஸ்போஷர், வெளிச்சத்துக்கு டெவலப்பிங் என்பதுதான் பழைய பாடம். இங்கே நிழலை அளக்க வழியே இல்லை. முன்புறப் புதர்க்காடு நெகட்டிவில் மிக மெலிதாகத்தான் பதிந்தது. அதனால் 1948ல் நெகட்டிவின் கீழ்ப் பகுதியை மட்டும் ஒரு ரசாயனக் கரைசலில் நனைத்து அடர்த்தி கூட்டினார். நெகட்டிவ் கெட்டுப்போனால் மாற்று கிடையாது என்று தெரிந்தே செய்த வேலை அது.

அவருடைய ஆரம்ப கால பிரிண்ட்களில் வானம் சாம்பல் நிறம். மேல் வானத்தில் மெல்லிய மேகக் கீற்றுகள் தெரியும். வருடங்கள் போகப் போக டார்க்ரூமில் வானத்துக்கு அதிக ஒளி கொடுத்து அதைக் கறுப்பாக்கிக்கொண்டே போனார். கீற்றுகள் மறைந்தன. நான் பார்த்ததெல்லாம் புத்தகத்திலும் திரையிலும்தான் என்றாலும், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது.

பிந்தைய பிரிண்ட்தான் வலுவானது என்று பொதுவாகச் சொல்வார்கள். நானும் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வலு கறுப்பிலிருந்து மட்டும் வரவில்லை. வானத்தில் விவரத்தைத் துறந்தவர் தரையில் துறக்கவில்லை: புதர்கள் தனித்தனியாக நிற்கின்றன, மண் சுவர்கள் சுவர்களாகவே இருக்கின்றன. 1948ன் வேலை இல்லையென்றால் அந்தக் கறுப்பு வானத்தின் கீழே இன்னொரு கறுப்புதான் கிடந்திருக்கும். இவரைப் பார்த்து வானத்தை மட்டும் இருட்டாக்குகிறவர்கள் (நானும் செய்திருக்கிறேன்) கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

ஒத்துக்கொள்ளாத மறுபாதிக்கு வருகிறேன். இந்தச் சிலுவைகள் நிலவொளியில் மின்னுகின்றன என்று பல வருடம் நான் நம்பியிருந்தேன். நிலா எதிரே இருக்கிறது. வெளிச்சமோ கேமராவுக்குப் பின்னாலிருந்து வருகிறது. அது மறையப்போகும் சூரியன். என்னைத் தவறாக நினைக்க வைத்தது அந்தக் கறுப்பு வானம். ஆரம்ப பிரிண்ட்டில் அந்தச் சந்தேகமே வராது. அது மாலை என்று பார்த்தவுடன் தெரியும். பிந்தையதில் மாலை இரவாகிவிட்டது. 'இன்னும் ஒரு நிமிடத்தில் வெயில் போய்விடும்' என்ற அவசரம், அவரைக் காரை நிறுத்த வைத்த அந்த அவசரம், படத்தைவிட்டுப் போய்விட்டது. பதிலாக ஒரு அமானுஷ்ய அமைதி கிடைத்தது. பெரிய லாபம்தான், ஆனால் நஷ்டமே இல்லை என்று சொல்ல முடியாது.

எனக்குப் பிடித்தது வானம் நன்றாக இருண்டும் கீற்றுகள் அடியோடு மறையாத பிரிண்ட்கள். அங்கே நிலாவும் இருக்கிறது, பொழுதும் இருக்கிறது.

போன வாரம் என் பழைய படம் ஒன்றைத் திறந்தேன். ஸ்லைடரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்: எந்த நிழல் போனால் இது எந்த நேரம் என்பதே போய்விடும்? அந்த ஒரு நிழலை மட்டும் தூக்கினேன். மற்றதை இருட்டில் விட்டுவிட்டேன்.