மழைக்கு மேல் மழை

இலங்கையின் மலையகத்தில், வட்டவளைக்கும் அட்டனுக்கும் நடுவில் இருக்கிறது றொசல்ல. 1884 இல் அட்டனை எட்டிய ரயில் பாதை இந்தத் தேயிலைச் சரிவுகளைச் சுற்றிச் சுற்றித்தான் மேலே ஏறியது. வளைவில் திரும்பும் கோச்சி, பனி படிந்த மலை, கொழுந்துக் கூடை ஆகிய மூன்றும் இன்று டிக்டொக்கிலும் யூடியூப்பிலும் ஓயாமல் வருகின்றன. அவற்றை எடுப்பவர்களில் பலர் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். பிளாட்டே போன்ற காலனிக்கால ஸ்டூடியோக்கள் விற்ற அஞ்சலட்டைகளில் கொழுந்து பறிக்கும் பெண் பெயரில்லாமல்தான் நின்றாள். அவளுடைய பேரப்பிள்ளைகள் இப்போது தாங்களே படம் எடுத்து, கைன்மாஸ்டர், கெப்கட் போன்ற செயலிகளில் தொகுத்து வெளியிடுகிறார்கள். இது சிறிய மாற்றமல்ல. ஆகவே அவர்கள் அதிகம் நம்பும் ஓவர்லே என்ற உத்தியைத் தாட்சண்யம் பாராமல் எடைபோட வேண்டும்.

ஓடும் படத்தின் மேல் இன்னொரு படத்தை அடுக்குவதுதான் ஓவர்லே. மழை, பனிமூட்டம், தீப்பொறி, பழைய பிலிமின் கீறல் எனக் கறுப்புப் பின்னணியில் எடுத்த துண்டுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்றை மேலே வைத்து ‘ஸ்கிரீன்’ என்ற கலப்பு முறையைத் தெரிவுசெய்தால் கறுப்பு மறைந்து வெளிச்சம் மட்டும் அடிப்படத்தில் ஏறும். ‘மல்டிபிளை’ இதற்கு நேர்மாறு: வெள்ளை மறையும், இருள் தங்கும். வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

முதலில் அழகைப் பார்ப்போம். ஸ்கிரீன் முறைக்கு வெளிச்சத்தைக் கூட்ட மட்டுமே தெரியும், குறைக்கத் தெரியாது. றொசல்லவில் காலையில் எடுத்த காட்சியில் ஏற்கனவே பனி நிறைந்திருக்கும், கருமை என்று சொல்ல அதிகம் இருக்காது. அதன் மேல் ஓவர்லே பனியையும் ஏற்றினால் தேயிலையின் பச்சை சாம்பலாகிறது, ரயில் பெட்டியின் நிறம் வெளிறுகிறது, தூரத்து மலையின் விளிம்பு காணாமல் போகிறது. அழகூட்டப் போட்டது இருந்த அழகையும் துடைத்துவிடுகிறது. வெளியிட்ட பிறகு இன்னொரு சேதமும் நேரும். மழைத்துளியும் பிலிம் புள்ளியும் ஒவ்வொரு பிரேமிலும் இடம் மாறுபவை. காணொளித் தளம் கோப்பைச் சுருக்கும்போது, இருக்கும் தரவில் பெரும்பங்கை அந்தப் பொய்த் துளிகளே தின்றுவிடும். கொழுந்தும் முகமும் கட்டம் கட்டமாகச் சிதையும்.

‘போன் கமரா அவ்வளவுதான், எபெக்ட் போட்டால்தான் எடுபடும்’ என்பது பொடியன்கள் சொல்லும் நியாயம். அதில் பாதி உண்மை. பனியின் வெண்மையைக் கண்டதும் போன் தானாகவே ஒளியளவைக் குறைத்து, காட்சி முழுவதையும் மங்கிய சாம்பலாக்குவது வழக்கம். ஆனால் அதற்கு மருந்து வேறு. எடுக்கும்போதே திரையைத் தொட்டு ஒளியளவைச் சற்றுக் கூட்டலாம். தவறினால், அதே காட்சியின் பிரதி ஒன்றை அதன் மேலேயே அடுக்கி, கலப்பு முறைகளில் ‘ஓவர்லே’ என்ற பெயரில் இருப்பதைத் தெரிவுசெய்து, அடர்த்தியைக் கால்வாசியில் வைத்துப் பாருங்கள். இருண்ட பகுதி மேலும் இருளும், வெளிச்சம் மேலும் தெளியும், மலையின் விளிம்பு துலங்கும். பனி பெய்யும் ஊரின் காட்சிக்கு ஏற்ற மேலடுக்கு அந்தக் காட்சியேதான்.

அழகைவிடப் பாரமான கேள்வி உண்மை. வட்டவளைப் பகுதி இலங்கையில் மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் ஒன்று. மழை இந்த மக்களுக்கு வெறும் ‘மூட்’ அல்ல. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களை மூடியதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. அடைமழை பிடித்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைக்குக் காதுகொடுத்தபடி உறங்கும் குடும்பங்கள் இங்கே உண்டு. அப்படிப்பட்ட ஊரின் பெயரைப் போட்டு, வெயில் நாளில் எடுத்த காட்சியின் மேல் கொட்டும் மழையை ஏற்றி வெளியிட்டால் அது அலங்காரமல்ல, பொய்ச் செய்தி. கொழும்பில் வேலை செய்யும் மகன் அதைப் பார்த்துப் பதறி வீட்டுக்குப் போன் எடுப்பான். நாலு தடவை ஏமாந்தவன், உண்மையான மழைக் காட்சி வரும்போது அதையும் எபெக்ட் என்று தள்ளிவிட்டுப் போவான்.

சினிமாவும் இல்லாததைக் காட்டும் வேலையைச் செய்யவில்லையா என்று கேட்கலாம். செய்தது. 1940 இல் வந்த ‘உத்தம புத்திரன்’ படத்தில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் தோன்றினார். ஒருவரே இருவராக நடிக்கிறார் என்பது டிக்கட் வாங்கியவனுக்குத் தெரியும். அது கதை என்ற உடன்பாட்டோடுதான் அவன் கொட்டகைக்குள் நுழைந்தான். ‘எங்கள் ஊர், இன்று காலை’ என்று எழுதி வரும் காணொளிக்கு அந்த உடன்பாடு கிடையாது.

அதே ஓவர்லே நல்ல வேலையும் செய்யும். மலையகத் தமிழரின் முன்னோர் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டானதைக் குறிக்கும் ‘மலையகம் 200’ நினைவாக, 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். அந்த நடையின் காட்சி மேல் ஒரு வரைபடத்தை அடுக்கி வழியைக் கோடாக ஓடவிட்டால், முன்னோர் நடந்து வந்த தூரம் பிள்ளைகளுக்குக் கண்ணால் விளங்கும். கொழுந்து பறிக்கும் காட்சியின் ஓரத்தில் அன்றைய நிறையையும் நாட்சம்பளத்தையும் எழுதலாம். தாத்தாவின் பழைய படத்தை இன்றைய லயத்தின் மேல் மெல்லத் தோன்ற வைக்கலாம். கூடை சுமப்பவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால், அவர் பெயரைப் போடலாம். அஞ்சலட்டை கொடுக்காத பெயர் அது. இவற்றுள் எதுவும் நடக்காததை நடந்ததாகக் காட்டவில்லை. காட்சிக்குச் சொல்லத் தெரியாததைக் கூடவே நின்று சொல்கின்றன.

கலியாண வீடியோவில் பூ உதிர்வதையும் பிறந்தநாள் வீடியோவில் மின்மினி பறப்பதையும் நான் குற்றம் சொல்லமாட்டேன். பார்ப்பவர் எவரும் அதில் ஏமாறுவதில்லை. ஆனால் மலையகத்தின் மரபுக் கூத்தான காமன் கூத்தைப் பதிவு செய்யும்போது தீப்பொறியைத் தூவுவது தவறு. நாளை அந்தக் கூத்தைத் தேடுகிறவருக்கு அது ஆவணம். பந்தத்தின் நெருப்பு எது, செயலியின் நெருப்பு எது என்று அவரால் பிரிக்க முடியாது.

ஆகவே என் தீர்ப்பு இது: காட்சியில் இல்லாத தகவலைச் சேர்க்கும் ஓவர்லே ஏற்கத்தக்கது. ஊரைக் காட்டும் காணொளியில் இல்லாத நிகழ்வைச் சேர்க்கும் ஓவர்லே தள்ளத்தக்கது, அது எவ்வளவு அழகாக இருந்தாலும். றொசல்லப் பிள்ளைகளே, மழை பெய்யும்போது மழையை எடுங்கள். வெயிலடிக்கும் நாளில் வெயிலையே காட்டுங்கள்.