குரலும் வாழ்வும்: 2007ஆம் ஆண்டின் அசைவூட்டப் படங்கள்

ஒரு கலைப்படைப்பு எந்த மக்களுக்கு உரியது என்பதை எதனைக் கொண்டு துணிவது? அது பேசும் மொழியைக் கொண்டா, அது காட்டும் வாழ்வைக் கொண்டா? எழுத்திலக்கியத்தில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒருங்கே நிற்பதால் இவ்வினா கூர்மையாக எழுவதில்லை. ஓவியத்தை அசையச் செய்து கதை கூறும் கலையிலோ, உருவம் ஒரு நாட்டிற் பிறக்க, குரல் மற்றொரு நாட்டிற் பிறத்தல் இயல்பாகிவிட்டது. சிறுவர் கார்ட்டூன் என்றும் அறிஞர் அசைவூட்டப் படம் என்றும் வழங்கும் இக்கலையை ஆராய்வார் இவ்வினாவைக் கடந்து செல்லுதல் இயலாது.

இவ்வாராய்ச்சிக்கு 2007ஆம் ஆண்டு மிகவும் ஏற்றது. அவ்வாண்டு ஏப்ரல் 29ஆம் நாள் சன் குழுமத்தார் சென்னையிலிருந்து ‘சுட்டி டிவி’ என்னும் சிறுவர் அலைவரிசையைத் தொடங்கினர். மே மாதத்திற் பிரான்சு நாட்டின் கான் திரைப்பட விழாவில் ‘பெர்செபோலிஸ்’ என்னும் படம் நடுவர் பரிசைப் பிறிதொரு படத்துடன் பகிர்ந்து பெற்றது. செப்டெம்பரில், நோன்பு மாதத்தை ஒட்டி, மலேசியத் தொலைக்காட்சியில் ‘உப்பின் இப்பின்’ என்னும் சிறு தொடர் தொடங்கிற்று. வெங்கி பாபு இயக்கத்தில், இளையராஜாவின் இசையுடன், ‘இனிமே நாங்கதான்’ என்னும் முப்பரிமாண அசைவூட்டப் படம் தமிழில் வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே. அமெரிக்காவிற் பிறந்த ‘ரட்டட்டூயி’ அடுத்த ஆண்டு ஒஸ்கார் பரிசைத் தட்டிக்கொண்டது. பரிசு கொண்டு அளப்பார்க்கு இக்கடைசிப் படமே ஆண்டின் தலையாயது. கல்முனை முதலாக அக்கரைப்பற்று, பொத்துவில் வரை நீளும் நம் கரையில் நின்று நோக்குவார்க்கோ முதற்கூறிய மூன்றுமே பொருளுடையன. அவை நம் வினாவுக்கு மூன்று வெவ்வேறு விடைகள் தருகின்றன.

சுட்டி டிவியின் வருகை சிறிய நிகழ்ச்சி அன்று. பகல் முழுதும் தமிழிற் பேசும் சித்திரங்களைப் பிள்ளைகள் கண்டனர். செய்மதித் தட்டுகளின் வழியே அக்குரல் கடல் கடந்து நம் ஊர்களுக்கும் வந்தது. ‘டோராவின் பயணங்கள்’, ஜாக்கி சானைத் தலைவனாகக் கொண்ட தொடர் முதலியன வீட்டுப் பெயர்களாயின. மொழிமாற்றம் செய்தோரின் திறமையையும் மறுத்தல் தகாது. சென்னை வழக்கின் துடிப்பும் நகைச்சுவையும் அவற்றில் நிறைந்திருந்தன. மூலத்தில் இல்லாத உயிர் சில இடங்களிற் குரலால் ஏறிற்று என்றுகூடச் சொல்லலாம்.

ஆயினும் அவ்வுருவங்களின் வாழ்வு எங்கே உள்ளது? டோராவை எடுத்துக்கொள்வோம். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய அத்தொடரின் தலைவி இலத்தீன் அமெரிக்க வழிவந்த சிறுமி. ஆங்கிலத்தினிடையே ஸ்பானியச் சொற்களைப் பெய்து பேசுவது அவள் இயல்பு. இரு மொழிகளுக்கிடையே வளரும் குழந்தைக்குத் தன் நிலை தாழ்வன்று என்று காட்டுவதே அப்படைப்பின் உள்ளுறை. தமிழும் சிங்களமும் அடுத்தடுத்து வழங்கும் அம்பாறை மாவட்டத்துப் பிள்ளைக்கு இதனினும் பொருத்தமான கருத்து வேறு உண்டோ? ஆனால் சென்னையில் ஒலி மாறியபோது இக்கருத்துக்கு நம் நிலத்தில் வேர் கிடைக்கவில்லை. சொல் தமிழாயிற்று, சூழல் எவருடையதும் அல்லாததாயிற்று.

மொழிமாற்றம் என்றாலே இக்குறை வரும் என்று கூறுதலும் முறையன்று. நம் நாட்டிலேயே இதற்கு மறுதலை உண்டு. 1982 பெப்ரவரி 15ஆம் நாள் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியபின், அங்கு மொழிமாற்றுப் பணியை முன்னின்று நடத்திய டைட்டஸ் தொட்டவத்த, வெளிநாட்டுச் சித்திரங்களுக்குச் சிங்களத்தில் மறுபிறப்புக் கொடுத்தார். டொக்டர் டூலிட்டிலைத் ‘தொஸ்தர ஹொந்தஹித’ ஆக்கியும், பக்ஸ் பன்னி என்னும் முயலுக்கு ‘ஹா ஹா ஹரி ஹாவா’ எனப் பெயர் சூட்டியும், சிங்கள நாட்டுப்புற நகைச்சுவையையும் பாட்டையும் பெய்து அவர் செய்த பணியால் அவ்வுருவங்கள் சிங்களக் குழந்தைகளுக்கு உறவினர் ஆயின. 2011இல் அவர் மறைந்தபோது ஒரு தலைமுறையினர் தம் பிள்ளைப்பருவத்தின் குரலை இழந்ததாக உணர்ந்தனர். தமிழிலும் இந்நெறிக்கு முன்னோடி இல்லாமற் போகவில்லை. காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் ‘மதங்க சூளாமணி’யில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களை ஆராயப் புகுந்தபோது பாத்திரங்களுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டித் தமிழ் நாடக மரபோடு இணைத்தே காட்டினார். பிறநாட்டு நாடகம் நம் வாயிலில் வந்து நிற்கையில் அதனை எவ்வாறு உள்ளே அழைப்பது என்பதற்கு அந்நூல் நம் கரையிற் பிறந்தவர் வகுத்த முறை. அம்முறையை நம் தொலைக்காட்சி மேற்கொள்ளவில்லை.

பெர்செபோலிஸ் இதற்கு நேர்மாறான நிலையில் உள்ளது. ஈரானிற் பிறந்து பிரான்சிற் குடியேறிய மர்ஜான் சத்ராபி என்னும் பெண்மணி, தாம் வரைந்த சித்திரக் கதை நூலை வின்சன்ட் பரோனோவுடன் சேர்ந்து படமாக்கினார். 1979ஆம் ஆண்டுப் புரட்சியும், தொடர்ந்து எட்டாண்டு நீடித்த ஈராக் போரும், பதின்மூன்று பதினான்கு வயதில் அயல்நாட்டுக்கு அனுப்பப்பட்ட சிறுமியின் தனிமையும் அதன் பொருள். நிகழ்காலம் வண்ணத்திலும் நினைவு கறுப்பு வெள்ளையிலும் வருகின்றன. கணினி நுட்பம் கொடிகட்டிப் பறந்த ஆண்டில், கையால் வரைந்த தட்டையான கோடுகளே உலகை நிறுத்திப் பார்க்கச் செய்தன. படம் பேசுவது பிரெஞ்சு மொழி. ஆயினும் மல்லிகைப் பூவின் மணம் கமழ நடமாடும் அந்தப் பாட்டியை ஈரானியப் பாட்டி அல்லள் என்று எவரும் சொல்லார். பிறமொழிக் குரலிலும் தன் வாழ்வு நிலைத்து நிற்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

எனினும் இப்படத்தைப் பற்றிப் பேசுங்கால் ஒரு சிக்கலை மறைத்தல் நேர்மையாகாது. சிறுமியின் கற்பனையில் இறைவன் முதியவர் வடிவில் வரும் காட்சி அதில் உண்டு. உருவமற்ற இறைவனை வழிபடும் இஸ்லாமிய மக்கட்கு இது ஏற்புடையதன்று. 2011 ஒக்டோபரில் துனிசியாவின் ஒரு தொலைக்காட்சி இப்படத்தை அந்நாட்டுப் பேச்சுவழக்கிற் குரல் மாற்றி ஒளிபரப்பியபோது பெருங்கிளர்ச்சி மூண்டது. அடுத்த ஆண்டு அந்நிலையத்தின் தலைவருக்கு நீதிமன்றம் தண்டம் விதித்தது. இதனால் நாம் அறியவேண்டுவது இரண்டு. சித்திரம் விளையாட்டுப் பொருள் அன்று என்பது ஒன்று. ஊர்ப்பேச்சில் வரும் சொல் ஏட்டு மொழியினும் ஆழமாக வீட்டினுள் நுழையும் என்பது மற்றொன்று. ஆதலால் ஊர்வழக்கை எடுத்தாளும் கலைஞனுக்குப் பொறுப்பு மிகுதி. பார்ப்போரின் பற்றுகளை அறிந்தவனே அவர்களோடு உரையாட வல்லவன்.

இனி உப்பின் இப்பினை நோக்குவோம். 2005இல் தொடங்கிய லெஸ் கொப்பாக் என்னும் சிறு நிறுவனத்திற் பல்கலைக்கழகத்திற் பயின்ற இளைஞர் சிலர் உழைத்தனர். அவர்கள் ஆக்கக் கருதியது ஒரு முழுநீளப் படம். அதற்கு முன் தம் கதை கூறும் முறையை மக்கள் ஏற்பரோ என்று சோதிக்கவே ஏறத்தாழ ஐந்து நிமிட அளவினவான ஆறு கதைகளை முதலில் வெளியிட்டனர். நாளை நோன்பு என்னும் எதிர்பார்ப்பு, முதல் நோன்பின் சோதனை, உணவின் அருமை, தராவீஹ் தொழுகை, பெருநாளுக்கு முந்திய நாள், பெருநாள் என்பன அவற்றின் பொருள்கள். அரக்கனும் இல்லை, மாயமும் இல்லை. பசியோடு பொழுது சாயக் காத்திருக்கும் இரட்டைச் சிறுவரே கதை. முழுநீளப் படமாகிய ‘கெங்’ 2009இல் வந்தது. அதற்குள் சோதனைக்கு விட்ட சிறு தொடரே நிலைபெற்றுவிட்டது. இன்றுவரை அது தொடர்ந்து வருகின்றது.

அச்சிறுவர் பெற்றோரை இழந்தவர்கள். ஓப்பா என்னும் பாட்டியும், ரோஸ் என்னும் மூத்த சகோதரியும் அவர்களை வளர்க்கின்றனர். நம் ஊரிற் பிறந்திருப்பின் அவர்கள் பாட்டியை உம்மம்மா என்றும் சகோதரியை ராத்தா என்றும் அழைத்திருப்பர். மகளுக்கு வீடு கொடுத்து, தாய்வழியே குடி எண்ணும் வழக்கம் இக்கரையின் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பொது. ஆதலால் உம்மம்மாவின் முற்றத்தில் வளரும் பிள்ளை இங்கு ஓர் அரிய காட்சி அன்று. மேலும் 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் 10,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. தாய் தந்தையரை இழந்து பாட்டியர் கையில் வளர்ந்த பிள்ளைகள் அக்காலத்தில் இக்கரையிற் பலர். மலாய்ச் சிற்றூரிற் பிறந்த அக்கதை அவர்களுக்காகவே எழுதப்பட்டதுபோல் உள்ளது. ஆனால் அக்கதையை அவர்கட்குத் தம் மொழியிற் சொல்வார் அன்று இலர்.

அத்தொடரின் சிற்றூரில் மலாய்ப் பிள்ளைகளோடு சீனச் சிறுமி மெய் மெய்யும், பஞ்சாபிச் சிறுவன் ஜர்ஜித்தும் பயில்கின்றனர். முத்து என்னும் தமிழர் அங்குக் கடை வைத்திருக்கின்றார். ஜர்ஜித் வாய் திறந்தால் ‘பாந்துன்’ என்னும் நான்கடி நாட்டார் பாடலின் சாயலிலேயே பேசுவான். மலாய் மக்களின் பழஞ்செய்யுள் வடிவம் பஞ்சாபிச் சிறுவன் நாவில் நகைச்சுவையாக ஒலிக்கும்போது, அவ்வடிவம் நாட்டின் பொதுச்சொத்தாகின்றது. இதனை எண்ணுங்கால் நம் கரையின் ‘கவி’ நினைவுக்கு வராமற் போகாது. வயலிலும் களத்திலும் ஆணும் பெண்ணும் எதிரெதிர் பாடிய நான்கடிக் கவிகள் இப்பகுதியின் பெருஞ்செல்வம். நிந்தவூர் முத்துமீரான் போன்றோர் அவற்றைத் தேடித் தொகுத்துள்ளனர். நூலில் அவை காப்புப் பெற்றன. பிள்ளைகளின் நாவில் வாழ்வு பெறவில்லை. மலாய் இளைஞர் ஐந்து நிமிடச் சித்திரத்தில் அதனைச் செய்து காட்டினர்.

அத்தொடரிற் குறைகள் இல்லாமல் இல்லை. அறவுரை சிலபோது கதையின் மேலேறி அமர்ந்துவிடுகின்றது. பிற இனத்துப் பாத்திரங்கள் ஓரிரு குணங்களோடு நின்றுவிடுகின்றன. ஜர்ஜித்தின் வீட்டையும் மெய் மெய்யின் வீட்டையும் ஓப்பாவின் வீட்டளவு நாம் அறியோம். முதற் கதைகளில் உருவங்களின் அசைவு விறைப்பாகவே உள்ளது. இருந்தும் குரலும் வாழ்வும் ஒரே மண்ணிலிருந்து எழுந்தமையால் இக்குறைகளைப் பிள்ளைகள் பொறுத்தனர். அண்டை நாடாகிய இந்தோனேசியாவும் அதனை விரும்பி ஏற்றது. தன் ஊரை நன்கு வரைந்தது அயலூருக்கும் உரியதாயிற்று.

தமிழிலோ முயற்சி வேறு வழியிற் சென்றது. ‘இனிமே நாங்கதான்’ என்னும் தலைப்பே ஒரு சூளுரை. அச்சூளுரைக்குப் பின் ஒரு மரபு கிளைக்கவில்லை. 2014இல் வெளிவந்த ‘கோச்சடையான்’ நடிகரின் அசைவைப் பதிவுசெய்து உருவமாக்கும் புதுநுட்பத்தைப் பெருஞ்செலவிற் கொணர்ந்தது. ஆயின் அந்நுட்பம் முழுதும் முன்பே நாடறிந்த ஒரு முகத்தை மீண்டும் காட்டுவதற்கே செலவாயிற்று. கோடு எதனையும் படைக்க வல்லது. அவ்வாற்றலை நட்சத்திரத்தின் நிழலாக்குதல் கலைக்கு இழப்பு. சிங்களத்தில் கமிலஸ் பெரேராவின் சித்திரப் பாத்திரமாகிய கஜமன் 2023இல் முழுநீள அசைவூட்டப் படமாயிற்று. இலங்கைத் தமிழ் மக்களின் வாழ்வுக்கு அத்தகைய படம் இன்னும் வாய்க்கவில்லை.

பொருளின்மையே தடை என்பர் சிலர். முழுநீளப் படத்துக்கு அது பொருந்தும். ஐந்து நிமிடக் கதைக்குப் பொருந்தாது. படம் வரைதல் மார்க்கத்துக்கு ஒவ்வாது என்பர் வேறு சிலர். இதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் நோன்பின் மாண்பைப் பிள்ளைகட்கு உணர்த்த ஒரு முஸ்லிம் நாடு இக்கலையையே கருவியாகக் கொண்டமை எண்ணத்தக்கது. சென்னைத் தமிழே சிறந்தது. நம் வழக்குக் கொச்சை என்று கருதுவோரும் உளர். மூன்று தடைகளுள்ளும் இதுவே கொடியது. வாப்பா, உம்மா, ராத்தா, காக்கா என்னும் சொற்களைத் திரையில் ஒருபோதும் கேளாத பிள்ளை, அவை திரைக்கு ஏலாதவை என்று கற்றுக்கொள்கின்றது. பின்னர் மேடையிலும், எழுத்திலும், அயலார் முன்னிலையிலும் அவற்றை விழுங்கிவிடுகின்றது.

நம் கரையில் தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாலையிற் பூக்கள்போல் மாறி மாறித் தொடுக்கப்பட்டுள்ளன. மருதமுனைக்கும் கல்முனைக்கும் நடுவே பாண்டிருப்பு; சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவே காரைதீவு. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பும், கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றமும், மருதமுனைத் தறியின் ஓசையும் ஒரு நாளிற் கால்நடையாகக் கண்டுவரக்கூடிய தொலைவில் உள்ளவை. இவ்வூர்கள் ஒன்றையொன்று ஐயுற்ற கசப்பான ஆண்டுகளும் இருந்தன. அடுத்த ஊர்ப் பிள்ளையின் வீட்டுக்குள் என்ன நிகழ்கின்றது என்பதை அறியாமல் வளர்ந்தோரிடை அவ்வையம் எளிதில் வேர்விடும். மலாய்ச் சிற்றூரின் கதை விட்ட குறையை, அதாவது அயலான் வீட்டினுள் நுழையாத குறையை, நம் கதை நிறைவாக்குதல் கூடும்.

கல்லூரிகளிற் சித்திரம் பயிலும் மாணவரும், கவி அறிந்த மூதாட்டியரும், தமிழ் கற்பிக்கும் ஆசிரியரும் இவ்வூர்களில் உளர். இந்துக் கல்லூரி மாணவனும் முஸ்லிம் கல்லூரி மாணவனும் சேர்ந்து ஐந்து நிமிடக் கதை ஒன்றை வரைவாராயின், ஓர் உம்மம்மாவும் ஓர் அம்மம்மாவும் தத்தம் குரலிலேயே அதிற் பேசுவாராயின், அசைவு விறைப்பாக இருப்பினும் குற்றமில்லை. 2007ஆம் ஆண்டு நமக்குத் தமிழ்க் குரலைத் தந்தது. அக்குரலுக்குரிய வாழ்வை வரைய வேண்டிய கடமை நம்முடையது.