துண்டுச் சீட்டில் ஒரு நெடும்பயணம்

தாராவியிலிருந்து திருநெல்வேலிக்கு பைக்கில் போகிறவருக்கு, ஒரு துண்டுச் சீட்டில் ஊர்ப்பெயர்களை எழுதுவதே பாதி சுகம். செம்பூர், பன்வேல், புணே, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, பெங்களூரு. புணே விரைவுச்சாலையில் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதியில்லை. கோபோலி வழியாகப் பழைய சாலையில்தான் மலையேற வேண்டும். வளைவுக்கு வளைவு காட்சி மாறும் என்பதால் யாரும் வருந்துவதில்லை. அடுத்தது கணக்கு: 13 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 35 கிலோமீட்டர் என்றால் கோலாப்பூர் வரை பங்க் தேட வேண்டாம். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கமும் கிடையாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மலைச்சாலையில் மழை கொட்டும். பொங்கலுக்குக் கிளம்புவதே உத்தமம். கிருஷ்ணகிரியில் 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை விட்டு 44-ஆம் எண் சாலையைப் பிடித்தால் சேலம், மதுரை, நெல்லை. ஓரத்தில் முக்கியக் குறிப்புகள்: கோலாப்பூரில் மிசல், பெல்காமில் குந்தா, தாவணகெரேயில் வெண்ணெய் தோசை, திண்டுக்கல்லில் பிரியாணி. வழி தவறினாலும் இவை தவறக் கூடாது.