கூலிச் சந்தையில் கல்வியின் மதிப்பு

உழைப்புச் சந்தை, கல்வி, ஏற்றத்தாழ்வு ஆகிய மூன்றையும் இணைத்துச் சிந்தித்த பொருளியல் அறிஞருள் இருவர் நமக்கு அயலார் அல்லர். ஒருவர் மால்கம் ஆதிசேஷய்யா, மற்றவர் சி. டி. குரியன். இருவரும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவர்கள். ஆதிசேஷய்யா 1971-இல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் பொறுப்பை 1978-இல் குரியன் ஏற்றார். எனினும் இருவர் எழுத்தும் ஒன்றையே சொல்லவில்லை. அவ்வேறுபாட்டைக் கல்வராயன் மலையிலுள்ள கரியாலூரை முன்வைத்து ஆராய முற்படுகிறோம்.

ஆதிசேஷய்யா 1948-இல் யுனெஸ்கோவில் சேர்ந்து, துணைத் தலைமை இயக்குநர் பதவிவரை உயர்ந்தவர். ஆசிய நாடுகள் 1980-க்குள் இலவசக் கட்டாயத் தொடக்கக் கல்வியை எய்தவேண்டும் என்ற கராச்சித் திட்டம் 1960-இல் அந்நிறுவனத்தின் முயற்சியால் உருவாயிற்று. அவ்வாண்டின் இறுதியில் தியோடர் சூல்ட்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர், கல்வி மனிதனிடத்தில் இடப்படும் முதலீடு என்று வாதிட்டார். ஆதிசேஷய்யாவின் ‘லெட் மை கன்ட்ரி அவேக்’ (1970) என்னும் நூலும் வளர்ச்சியில் மனிதனுக்குரிய பங்கையே வற்புறுத்துகிறது. கல்விச் செலவைத் தர்மமாகக் கருதிய அரசுகளை அதனை வளர்ச்சிச் செலவாக ஏற்கச் செய்தது இக்கொள்கையின் பெருமை. ஆனால் இதனுள் மறைந்துள்ள ஓர் எடுகோளை நாம் கவனிக்கவேண்டும். கற்றவனுக்குக் கூலி உயரும் என்று கூறும்போது, தகாத கூலியை மறுத்து வேறு வேலை தேட அவனால் இயலும் என்பது முன்னரே ஒப்புக்கொள்ளப்படுகிறது.

குரியன் இவ்விடத்தில்தான் வினா எழுப்புகிறார். 1950 முதல் 1975 வரையிலான தமிழகக் கிராமப்புற மாற்றங்களை ஆராய்ந்து அவர் 1981-இல் வெளியிட்ட நூல், விளைச்சல் பெருகியும் வறுமை நீங்காமைக்கு உடைமைப் பங்கீட்டையே காரணமாகக் காட்டுகிறது. சந்தைக்கு வருவோர் யாவரும் ஒரே வலிமையுடன் வருவதில்லை. முதலாளி பல நாள் காத்திருக்கலாம். தொழிலாளி சில நாள்களே காத்திருக்கலாம் என்று 1776-லேயே ஆடம் ஸ்மித்தும் உணர்த்தினார்.

இனிக் கரியாலூரை நோக்குவோம். கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தலைமுறைகளாக மூன்று ஜாகிர்தார்களுக்கு உட்பட்டிருந்தனர். 1976-இல் அந்த ஆட்சி முடிந்து மலை அரசின் நேரடி நிர்வாகத்தின்கீழ் வந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் அதே ஆண்டில் நிறைவேறிற்று. பின்னர்ப் பள்ளிகளும் விடுதிகளும் வந்தன. ஆயினும் பிழைப்புக்காக மலையிறங்கி வெளியூர்களுக்குக் கூலிவேலைக்குச் செல்வது ஓயவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயத்தால் 60-க்கு மேற்பட்டோர் மாண்டபின், இம்மலைமக்களின் வாழ்வுநிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. 48 ஆண்டுகள் கழிந்தும் சாலையும் மருத்துவமும் நீதிமன்றத்தின் வழியே கேட்கவேண்டியனவாயிருந்தன!

இந்நிலை இரு அறிஞர்க்கும் ஒருங்கே விடை கூறுகிறது. வீட்டில் அடுத்த மாதத்திற்கான தானியம் இல்லாதபோது, மேஸ்திரி நீட்டும் முன்பணத்தைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் தடுத்து நிறுத்தாது. கல்வியின் பயன் முழுமைபெற, மறுத்து நிற்கும் வலிமை வேண்டும். நிலமும் காட்டுரிமையும் அதனைத் தரும். இம்மட்டில் குரியன் கூற்றே வலிது. ஆயினும் உடைமையும் தானே நிலைபெறுவதன்று. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி பட்டா பெற விண்ணப்பம் எழுதவும், சான்று காட்டவும், கிராம சபையில் எழுந்து பேசவும் வேண்டும். எழுதப் படிக்க அறியாதவன் கையில் வந்த உரிமை, கணக்கெழுதுவோன் கைக்கு எளிதில் மாறிவிடும். உடைமையைக் காக்கும் எழுத்தறிவின் ஆற்றலுக்குக் குரியனின் ஆய்வில் உரிய இடம் கிடைக்கவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. இங்கே ஆதிசேஷய்யா நமக்குத் தேவைப்படுகிறார்.

இவ்வாராய்ச்சி திருச்சபையையும் தொடுகிறது. பள்ளியொன்றைத் திறந்துவிட்டால் நீதி தானே பின்தொடரும் என்று நாம் நெடுங்காலம் நம்பி வந்தோம். கூலி, நிலம், கடன் என்பவற்றை ‘அரசியல்’ என்று ஒதுக்கினோம். உபாகமம் 15-ஆம் அதிகாரமோ, அடிமையை விடுவிக்கும்போது வெறுங்கையாய் அனுப்பலாகாது. ஆட்டுமந்தையிலும் களத்திலும் ஆலையிலும் இருந்து அவனுக்குக் கொடுக்கவேண்டும் என்று கட்டளையிடுகிறது. விடுதலையும் வாழ்வாதாரமும் அங்கே பிரிக்கப்படவில்லை. மலைப்பகுதிகளில் ஊழியம் செய்யப்போகும் மாணாக்கர், பள்ளியில் எத்தனை பிள்ளைகள் சேர்ந்தனர் என்று எண்ணுவதோடு நில்லாமல், அப்பிள்ளைகளின் பெற்றோர் எவரிடம் முன்பணம் பெற்றுள்ளனர், அவர்கள் உழும் நிலம் எவர் பெயரில் உள்ளது என்பதையும் கேட்டறிவார்களாக. அவ்வினாக்களுக்கு விடை காணாதவரை, நாம் கொடுக்கும் கல்வி கூலியாளைக் கற்ற கூலியாளாக்குவதோடு நின்றுவிடும்.