கைதட்டு எந்தக் கைக்கு?

கோயில் கொடை முடிந்த மறுநாள் டீக்கடையில் டி.ஜே.வுக்கு மார்க் போடுவது மூன்றே விஷயத்தை வைத்துத்தான்: பாக்ஸ் எத்தனை, லைட் எத்தனை, சத்தம் எந்த ஊர் வரைக்கும் கேட்டது. சிங்காரி மேளத்தில் இலத்தாளம் கொஞ்சம் பிந்தினாலே முகம் சுளிக்கிற ஊர் இது. வில்லுப்பாட்டில் குடம் தப்பினால் கிழவிகள்கூடக் கண்டுபிடிப்பார்கள். அந்தக் காதுகளை டி.ஜே. மேடைக்கு முன்னால் மட்டும் நாம் கழற்றி வைத்துவிடுகிறோம். நல்ல டி.ஜே.க்களுக்கும் இது நஷ்டம்.

நம்மூரில் பெரும்பாலோர் வைத்திருப்பது லேப்டாப்போடு இணைத்த கன்ட்ரோலர். அதில் இரண்டு வட்டுகள், நடுவே குறுக்காக நகரும் ஒரு சின்னக் கட்டை. அந்தக் கட்டைதான் கிராஸ்ஃபேடர். ஒரு பக்கம் தள்ளினால் ஒரு பாட்டு, மறுபக்கம் தள்ளினால் மற்றப் பாட்டு. கூட்டம் பார்ப்பது வட்டைத் தேய்க்கிற கையை. நான் பார்க்கச் சொல்வது ஃபேடர் கையை. வட்டுக் கை சத்தத்தை உண்டாக்கும். அதை நறுக்கித் தாளமாக்குவது ஃபேடர் கைதான்.

மைக்செட் காலத்தில் இசைத்தட்டில் கீறல் விழுந்தால் அந்தத் தட்டே போச்சு. சுற்றும் தட்டின்மேல் பிள்ளைகள் கைவைத்தால் அடி விழும். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 1970களின் நடுவில் கிராண்ட் விசார்ட் தியோடர் என்ற பையன் செய்தது அதே குற்றம்தான். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அம்மா வந்து நிற்க, அவர் பேசி முடிக்கும்வரை தியோடர் தட்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருந்தார். ‘ஸ்கிராட்ச்’ அப்படிப் பிறந்தது என்பது அவரே சொல்லிவரும் கதை. அதே வட்டாரத்தில் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ், எந்த இடத்தில் அடி விழுகிறது என்று தட்டின்மேல் கிரேயானால் கோடு போட்டு வைத்தார். தட்டுக்கு அடியில் வழுக்கும் துணி விரித்தார். 1983இல் ஹெர்பி ஹான்காக்கின் ‘ராக்கிட்’ பாட்டு வந்தபோது, அதில் ஸ்கிராட்சைத் தனி வாத்தியமாகவே வாசித்திருந்தார் டி.எஸ்.டி. என்ற டி.ஜே.

இனி நுணுக்கத்துக்கு வருவோம். ஃபேடரைத் தொடாமல் வட்டை மட்டும் முன்னும் பின்னும் இழுப்பது ‘பேபி ஸ்கிராட்ச்’. பாலபாடம். ஓர் இழுப்பின் நடுவே ஃபேடரை ஒரு முறை மூடித் திறந்தால் சத்தம் இரண்டாக வெட்டுப்படும், அது ‘ஃபிளேர்’. முன் இழுப்பில் இரண்டு, பின் இழுப்பில் இரண்டு: தகதிமி. ஓர் இழுப்புக்குள் இரண்டு முறை மூடித் திறந்தால் மூன்று துண்டு: தகிட, தகிட. ‘கிராப்’ இன்னும் கடினம். கட்டைவிரல் ஒரு பக்கம் அணைகொடுக்க, மற்ற விரல்கள் சொடக்குப் போடும் வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஃபேடரைத் தட்டிச் செல்லும். இதைப் பிரபலமாக்கியவர் சான் பிரான்சிஸ்கோ பக்கத்து கியூபர்ட். அவர் விரல்களைப் பார்த்தால் தவில்காரருக்கே பொறாமை வரும்.

டி.எம்.சி. என்ற உலக டி.ஜே. போட்டியில் ஒருவருக்குக் கிடைத்தது ஆறு நிமிடம்தான். 1997இல் பட்டம் வென்ற கனடாவின் ஏ-டிராக்குக்கு வயது 15. அடுத்த மூன்று ஆண்டும் தொடர்ந்து வென்றவர் மயாமியின் டி.ஜே. கிரேஸ். 2017இல் ஜப்பானின் ரெனா ஜெயித்தபோது வயது 12. பாக்ஸ் எண்ணிக்கை அங்கே யாருக்கும் மார்க் வாங்கித் தரவில்லை.

ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் மிக்ஸிங்குக்கும் சோதனை உண்டு. டி.ஜே.க்களின் ஆஸ்தான டர்ன்டேபிளாக இருந்த டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 எம்.கே. 2இல் வேகத்தை 8 சதவீதம் கூட்டலாம், குறைக்கலாம். நிமிடத்துக்கு 100 அடி போகும் பாட்டை 108க்குக் கொண்டுபோகலாம் என்று அர்த்தம். ஆனால் 6 சதவீதம் கூட்டினாலே சுருதி ஏறக்குறைய அரை ஸ்வரம் ஏறிவிடும். பாடகர் மூச்சைப் பிடித்துக் கத்துவதுபோல் கேட்கும். இன்றைய கருவிகளில் சுருதியை அப்படியே நிறுத்தி வேகத்தை மட்டும் மாற்றலாம். ‘சிங்க்’ பொத்தானை அழுத்தினால் இரண்டு பாட்டின் வேகமும் தானாக ஒன்றாகிவிடும். வேலை முடிந்தது என்று பலர் நினைப்பது இங்கேதான்.

நம்முடைய குத்துப் பாட்டில் பெரும்பாலானவை திஸ்ர நடை, ஓர் அடிக்குள் மூன்று. கிளப் பாட்டு சதுஸ்ரம், ஓர் அடிக்குள் நான்கு. திரையில் இரண்டும் 128 என்று காட்டும். அடியும் அடியும் சேர்ந்தே விழும். அடிக்கு உள்ளே இருக்கும் மூன்றும் நான்கும் சேராது. ஆடுகிறவர்களின் கால் அந்த நேரத்தில் ஒரு கணம் தடுமாறும், கவனித்துப் பாருங்கள். பெரும்பாலான டி.ஜே.க்கள் அங்கே சைரனை அலறவிட்டு, ‘மார்த்தாண்டம், கையைத் தூக்கு’ என்று மைக்கில் கத்தித் தப்பித்துக்கொள்வார்கள்.

தெரிந்தவர் வேறு மாதிரி செய்வார். போகிற பாட்டின் பேஸை முதலில் இறக்கி, தாளத்தை ஒதுக்கி, குரலை மட்டும் நிற்கவிடுவார். வில்லுப்பாட்டில் முதன்மைப் பாடகரான அண்ணாவி விட்ட கடைசி அடியைப் பின்பாட்டுக்காரர் கீழே விழாமல் ஏந்திக்கொள்கிற மாதிரி, அந்தக் குரலின் ஒரு துண்டை எடுத்து ஸ்கிராட்ச் செய்வார். முதலில் தகிட தகிட. அடி மாறாமல் அப்படியே தகதிமி. நடை மாறிவிட்டது. அதன்மேல் கிளப் பாட்டை ஏற்றினால் கால் தடுமாறாது. ஸ்கிராட்ச் வெறும் வித்தை காட்டல் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. நம்மூர் மேடைகளில் இப்படி நடை மாற்றுகிறவர் அபூர்வம். செய்தாலும் பாவம், மேடைப் புகை மறைத்துவிடுகிறது.

விழாக் கமிட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய எல்.இ.டி. திரை வாடகைக்கு எடுக்கிறீர்கள். அதில் ட்ரோன் படமும் ஸ்பான்சர் விளம்பரமும் ஓடுகின்றன. அடுத்த கொடைக்கு ஒரு கேமராவை கன்ட்ரோலருக்கு நேர் மேலே கட்டுங்கள். டி.ஜே.யின் இரண்டு கையும் திரையில் தெரியட்டும். பாட்டு மாறும் இடத்தில் ஃபேடர் விரல் அசைகிறதா, மைக்கைத் தேடுகிறதா என்று ஊரே பார்க்கும். அடுத்த வருஷம் யாருக்கு அட்வான்ஸ் கொடுப்பது என்பதை அதைப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.