காலாள் எதனால் நிற்கிறான்? மேசைப் போரின் ஐந்து பாணிகள்

பொம்மை வீரர்களை வைத்து ஆடும் மேசைப் போரில் எண்ணிக்கையில் மிகுந்திருப்பதும் காலாள்தான், கணக்குப் பார்க்காமல் செலவழிக்கப்படுவதும் காலாள்தான். டாங்கியையும் குதிரைப்படையையும் பொத்திப் பொத்தி நகர்த்துகிறவர்கள்கூட நாற்பது காலாட்களை ஒரே மூச்சில் திறந்த வயலுக்குள் தள்ளிவிடுவார்கள். மூன்றாவது சுற்று முடிவதற்குள் அவர்களில் பாதிப்பேர் பெட்டிக்குத் திரும்பியிருப்பார்கள். காலாட்படையை நன்றாக ஆடுவது எப்படி என்பதற்கு இருநூறு ஆண்டு மரபில் ஒரே விடை கிடையாது, பாணிக்குப் பாணி அது மாறுகிறது. முன்னேறிச் செல்லும் காலாள் எதனால் நிற்கிறான் என்ற கேள்விக்கு ஒவ்வொரு பாணியும் ஒரு பதில் வைத்திருக்கிறது. ஆட்ட நுணுக்கம், தர அளவுகோல், வெற்றிக் கணக்கு எல்லாம் அந்தப் பதிலிலிருந்தே கிளைக்கின்றன.

பிரஷ்யப் பாணி: நேரமும் தூரமும்

சதுரங்கத்தின் நாற்படையில் காலாளுக்குத் தொடக்கத்திலிருந்தே இடம் உண்டு. ஆனால் அங்கே எல்லாக் கட்டமும் ஒரே தரை. 1780இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் கணிதம் கற்பித்த ஹெல்விக், சதுரங்கப் பலகையைப் பெரிதாக்கி அதில் ஆறு, காடு, ஊர் எனத் தரை வகைகளைச் சேர்த்தார். 1812இல் பிரஷ்ய அரசு அதிகாரி ரைஸ்விட்ஸ், கட்டங்களைக் கைவிட்டு நிலவடிவைக் காட்டும் மேசை ஒன்றை மன்னர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியமுக்கு அளித்தார். அவருடைய மகன், பீரங்கிப்படை அதிகாரி, 1824இல் விதிகளை நூலாக வெளியிட்டார். 1:8000 அளவு வரைபடம், படைப்பிரிவுக்கு ஒரு சிறு கட்டை, ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடப் போர் நேரம், இழப்பைத் தீர்மானிக்கப் பகடை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நடுவர் என்பதே அதன் அமைப்பு.

இந்தப் பாணியில் காலாளைப் பெரும்பாலும் நிறுத்துவது நேரம். ஆட்டக்காரர் கட்டையைத் தொடுவதில்லை, கட்டளை எழுதித் தருகிறார். கட்டளை போய்ச் சேரும் நேரம், அணி மாறும் நேரம், சேற்றில் நடக்கும் நேரம் எல்லாவற்றையும் நடுவர் கணக்கிடுகிறார். ஒரு பட்டாலியனை எங்கே வைப்பது என்பதைவிட, அது எத்தனை மணிக்கு அங்கே இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்வதே இங்கே தேர்ச்சி. 1876இல் பிரஷ்யப் படை அதிகாரி வெர்டி து வெர்னுவா விதிப் பட்டியல்களின் சுமையைக் குறைத்து, நடுவரின் அனுபவத்துக்கு முதலிடம் தந்தார். வேகம் கூடியது, ஆனால் ஆட்டத்தின் தரம் நடுவரின் தரத்தோடு கட்டுண்டது.

வெல்ஸ் பாணி: தரையில் விழுந்த வீரன்

1893இல் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளீடற்ற ஈயப் பொம்மைகளை வார்க்கத் தொடங்கியபின் 54 மி.மீ. வீரர்கள் மலிவாகக் கிடைத்தார்கள். எச். ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’ நூல் அவர்களை நம்பி எழுந்தது. வீட்டுத் தரையே போர்க்களம். சுருள்வில் பொருத்திய பொம்மைப் பீரங்கி மரக்குச்சியை எறியும், அது பட்டு விழுந்தவன் இறந்தான். காலாள் ஒரு சுற்றில் ஓரடி நகர்வான், குதிரை வீரன் இரண்டடி. காலாளுக்குத் துப்பாக்கிச் சூடு என்று தனியே எதுவும் இல்லை, கைகலப்பு மட்டுமே.

இங்கே காலாளை நிறுத்துவது மரணம் ஒன்றுதான். சம எண்ணிக்கையில் மோதினால் ஆளுக்கு ஆள் விழுவார்கள். ஆனால் அருகே துணையில்லாமல் தனித்து மாட்டிய சிறு குழு பெருங்குழுவிடம் சிறைப்படும். இந்த ஒரு விதி காலாட்படை ஆட்டத்தின் முதல் பாடத்தைக் கொடுத்துவிட்டது: எட்டும் தூரத்தில் துணை இல்லாத வீரன் எதிராளியின் வரவில் சேருவான்.

பெரும்பட்டாலியன் பாணி: அணியும் சரமாரியும்

1957இல் கலிபோர்னியாவில் ஜாக் ஸ்க்ரூபி ‘வார் கேம் டைஜஸ்ட்’ இதழைத் தொடங்கினார். 1959 முதல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் பிளாஸ்டிக் வீரர்கள் பெட்டி பெட்டியாக வந்தார்கள். டொனால்டு ஃபெதர்ஸ்டன் 1962இல் எழுதிய ‘வார் கேம்ஸ்’, பொழுதுபோக்காக ஆடுவோரை ஒரு சமூகமாகத் திரட்டியது. பீட்டர் யங்கும் லாஃபோர்டும் 1967இல் எழுதிய ‘சார்ஜ்!’, சார்லஸ் கிராண்ட் 1971இல் எழுதிய ‘தி வார் கேம்’ ஆகிய இரண்டும் இந்தப் பாணியின் தூண்கள். பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களைக் களமாகக் கொண்ட இந்த ஆட்டத்தில் ஒரு பட்டாலியனுக்கு ஏறத்தாழ ஐம்பது பொம்மைகள் நிற்கும்.

இங்கே காலாளை நிறுத்துவது சரமாரி. ஐம்பது பொம்மை வரிசையாக நின்றால் மேசையில் நீளமான இடத்தை அடைக்கும், வளைவது கடினம். நெடுவரிசையாகப் போனால் நடை எளிது, ஆனால் சுடுவது முன்னால் இருப்பவர்கள் மட்டும். அகலவரிசையாக விரிந்தால் எல்லாத் துப்பாக்கியும் பேசும், நடை தளரும். எந்த இடத்தில் நெடுவரிசையை அகலவரிசையாக விரிப்பது என்பதுதான் இங்கே கைத்தேர்ச்சி. எதிரியின் துப்பாக்கி எட்டும் இடத்தில் விரிக்கத் தொடங்கினால் முதல் சரமாரி எதிரியுடையதாகிவிடும். முன்னதாகவே விரித்தால் வழியிலுள்ள வேலியிலும் ஓடையிலும் அணி சிக்கும். பாதி ஆட்களை இழந்த பட்டாலியன் களத்தை விட்டு விலகுவது பரவலான வழக்கம். ஆகவே முன்வரிசைக்குப் பின்னால் புதிய பட்டாலியன் ஒன்றை நிறுத்திவைப்பது எழுதப்படாத சட்டமாயிற்று.

ஆய்வுக் குழுப் பாணி: அடித்தட்டின் கணக்கு

1969இல் ஃபில் பார்க்கரும் நண்பர்களும் தொடங்கிய வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப், பண்டைய போர்களுக்கு விதி எழுதி ஒரு பொதுத் தரத்தைக் கொண்டுவந்தது. ஒரு பொம்மை இருபது வீரர்களைக் குறிக்கும். படைகள் பயிற்சி பெற்றவை, பெறாதவை என இரண்டாகவும், ஊக்கத்தில் ஏ முதல் டி வரை நான்காகவும் பிரிந்தன. தாக்கப்பட்டபோது, இழப்பு கூடியபோது, துணை ஓடியபோது படை எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பகடையால் சோதித்தார்கள். மன உறுதி விதிகளின் நடுவே வந்து அமர்ந்தது இந்தப் பாணியில்தான்.

1990இல் வந்த டி.பி.ஏ. என்ற விதித்தொகுப்பு அந்தப் பெருங்கணக்கைச் சுருக்கிப் பிழிந்தது. ஒரு சேனைக்குப் பன்னிரண்டு அடித்தட்டுகள். 15 மி.மீ. பொம்மைக்குத் தட்டின் அகலம் 40 மி.மீ., 25 மி.மீ. பொம்மைக்கு 60. நெருங்கி நிற்கும் வேல்படைக்குத் தட்டில் நான்கு பேர், கவணும் எறிவேலும் ஏந்திச் சிதறி ஓடுபவர்களுக்கு இரண்டு பேர். தலைகளை எண்ணுவதில்லை, தட்டு முழுதாக நிற்கும் அல்லது முழுதாகப் போகும்.

இங்கே காலாளை நிறுத்துவது அணி குலைவு. ஒரு மோதலைக் கிட்டத்தில் பார்த்தால் அது புரியும். காலாளை எதிர்க்க வாள் அணிக்கு வலிமை 5, வேல் அணிக்கு 4. குதிரையை எதிர்க்க வாளுக்கு 3 மட்டுமே, வேலுக்கு அதே 4. வாளும் வேலும் மோதுகின்றன. வாளுக்குப் பகடை 4, மொத்தம் 9. வேலுக்குப் பகடை 2, மொத்தம் 6. தோற்றாலும் வேலின் தொகை எதிரியின் பாதிக்கு மேல் இருப்பதால் அது சற்றுப் பின்வாங்கிப் பிழைக்கும். அதே வேல் அணியின் இரு தோள்களிலும் எதிரித் தட்டுகள் நீண்டிருந்தால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குறையும். தொகை 4, ஒன்பதில் பாதியைவிடக் குறைவு. அணி அழிந்தது. பகடை மாறவே இல்லை, பக்கத்தில் ஆள் இருந்தானா என்பதுதான் உயிரை முடிவுசெய்தது.

காடும் கரடும் இதே கணக்கைத் தலைகீழாக்கும். மரங்களுக்கிடையே புகுந்த வேல் அணிக்கு இரண்டு குறையும். அப்போது அதன் வலிமை, எதிரே நிற்கும் கவண்காரனின் இரண்டுக்குச் சமம். நடத்தும் செலவும் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகடை எத்தனை நகர்வு என்று சொல்லும். சேர்ந்து நிற்கும் வரிசை முழுவதும் ஒரே புள்ளியில் நகரும், சிதறிய தட்டு ஒவ்வொன்றும் தனிப் புள்ளி கேட்கும். ஆகவே கனத்த காலாளைச் சமவெளியில் தோளோடு தோளாக வைத்து, இலகு காலாளைக் கரட்டில் விட்டு, இரண்டின் சந்திப்பையும் காப்பவரே இந்தப் பாணியில் தேர்ந்தவர்.

பிளாட்டூன் பாணி: பயத்தின் கணக்கு

இரண்டாம் உலகப்போரைச் சிறு அளவில் ஆடும் இன்றைய பாணி காலாளைப் பற்றி வேறொன்று சொல்கிறது: பெரும்பாலான குண்டுகள் யாரையும் கொல்வதில்லை, ஆனால் தலையைக் குனிய வைக்கின்றன. ஆர்ட்டி கான்லிஃபின் ‘கிராஸ்ஃபயர்’ (1996) அளவுகோலையும் நிலையான சுற்றையும் தூக்கி எறிந்தது. காலாள் எவ்வளவு தூரமும் போகலாம், எதிரி கண்ணில் படும் வரை. ரைஃபிள் குழு மூன்று பகடை உருட்டும். ஐந்தும் ஆறும் வெற்றி. ஒரு வெற்றி குழுவை நிறுத்தும், இரண்டு அமுக்கும், மூன்று அழிக்கும். மறைப்பில் இருந்தால் ஒரு பகடை குறையும்.

திறந்த வெளியில் ஓடும் குழு ஏதோ ஒரு பாதிப்புக்கு உள்ளாகும் வாய்ப்பு 70 சதவீதம், அழியும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. மறைப்பில் இருக்கும் குழுவை ஒற்றை ரைஃபிள் குழு ஒரே சூட்டில் அழிக்கவே முடியாது, பகடை இரண்டுதானே! முன்னேறுபவனைச் சுட்டுத் தவறவிட்ட காவல் குழு அத்தோடு எதிர்ச்சூடு நடத்தும் உரிமையை இழக்கும். எனவே தேர்ந்த ஆட்டக்காரர் முதலில் ஒரு குழுவை ஓடவிட்டு எதிரியின் சூட்டை வாங்கிக்கொள்வார், பிறகு மற்றக் குழுக்களையும் அதே வெளியில் கடத்துவார்.

ரிக் பிரீஸ்ட்லியும் அலெசியோ கவடோரேயும் எழுதிய ‘போல்ட் ஆக்‌ஷன்’ (2012) பயத்தை எண்ணிக் காட்டுகிறது. சூடு பட்ட பிரிவின் மேல் ஒரு குறி விழும். குறி உள்ள பிரிவு கட்டளையை ஏற்க இரண்டு பகடையின் கூட்டுத்தொகை மன உறுதி எண்ணைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு குறியும் அந்த எண்ணில் ஒன்றைக் கழிக்கும். சாதாரணப் பிரிவின் எண் 9. ஒரு குறி இருந்தால் கட்டளை நிறைவேறும் வாய்ப்பு 72 சதவீதம், மூன்று இருந்தால் 42. ஆள் யாரும் விழாமலேயே ஒரு பிரிவு பாதி ஆட்டத்துக்குப் பயனற்றுப் போகலாம்.

டூஃபேட்லார்டீஸ் குழுவின் ‘செயின் ஆஃப் கமாண்ட்’ (2013) பொம்மைகளை வைப்பதற்கு முன்பே போரைத் தொடங்குகிறது. இரு தரப்பும் முதலில் ரோந்துக் குறிகளை நகர்த்தி, வேலி, கொட்டகை, கல்சுவர் என எங்கிருந்து தம் ஆட்கள் வெளிப்படலாம் என்பதைப் பிடிக்கின்றன. பத்துப் பேர் கொண்ட பிரிட்டிஷ் குழு பிரென் என்ற இலகு மெஷின்கன் அணியாகவும் ரைஃபிள் அணியாகவும் பிரியும். பிரென்னுக்கு ஆறு பகடை, ரைஃபிளுக்கு ஆளுக்கு ஒன்று. ஆகவே பிரென் வேலியோரம் நின்று எதிரியைக் குனிய வைக்க, ரைஃபிள்காரர்கள் பக்கவாட்டில் நகர்வதே முறை. எல்லாரும் ஒரே வரிசையில் நின்று சுட்டால் நகர ஆள் இருக்காது. எல்லாரும் ஓடினால் சுட ஆள் இருக்காது. தலைவர்களின் வேலை சுடுவதல்ல, ஆட்களின் பதற்றத்தை இறக்கி மீண்டும் எழுப்புவது.

அளவின் சிக்கல்

பொம்மை பெரிதாகும்தோறும் தரை சுருங்கிவிடும். 28 மி.மீ. வீரன் ஏறத்தாழ 1:56 அளவு. ‘போல்ட் ஆக்‌ஷன்’ ரைஃபிளுக்குத் தரும் 24 அங்குலம் அந்தக் கணக்கில் 34 மீட்டர்தான். விதிகள் தூரத்தை வேண்டுமென்றே அமுக்கிவைத்திருக்கின்றன. 6 மி.மீ. பொம்மையில் நிலம் விரியும், பட்டாலியன் பட்டாலியனாகவே தெரியும், ஆனால் தனி வீரனும் கல்சுவரும் கண்ணுக்கு மங்கும். ஒரு பிளாட்டூனை ஆட 28, சேனையை ஆட 15 அல்லது 6 என்ற வழக்கம் இதனால் வந்தது. ஒரு பாணியில் பழகிய தூரக் கணிப்பை இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துச் சென்றால் காலாள் எதிரியின் வாயில் போய் நிற்பான்.

பாணிகளுக்குப் பொதுவான தரம்

விதிகள் வேறுபட்டாலும் நல்ல காலாட்படை ஆட்டத்தின் சில அளவுகோல்கள் எல்லாப் பாணியிலும் ஒத்துப்போகின்றன. முதலாவது, தரையைப் படித்தபின் படையை வைப்பது. எந்த மறைப்பிலிருந்து எந்த மறைப்புக்கு என்பது தெளிவாகாமல் முதல் நகர்வு கூடாது. இரண்டாவது, துணை: வெல்ஸின் தனித்த குழுவும் டி.பி.ஏ.வின் தோளிழந்த வேல் அணியும் ஒரே பிழையின் இரு வடிவங்கள். மூன்றாவது, சூடு முந்தி, நடை பிந்தி. நான்காவது, மூன்றில் ஒரு பங்கையாவது கையிருப்பாகப் பின்னே வைப்பது. ஐந்தாவது, கைகலப்பைக் கடைசிக்கு ஒத்திப்போடுவது. எதிரி குனிந்துகிடக்கும் சுற்றில் பாயும் ஐந்து பேர், நிமிர்ந்து நிற்கும் சுற்றில் பாயும் பதினைந்து பேரைவிட மேல்.

பரவலான பிழைகளும் பொதுவானவையே. மேசையின் விளிம்பைக் காவல் அரணாக நம்பிப் படையை ஒட்டிவைப்பது ஒன்று. எல்லாக் குழுவையும் எல்லாச் சுற்றிலும் நகர்த்தியே ஆக வேண்டும் என்ற பதற்றம் மற்றொன்று. நல்ல இடத்தில் அசையாமல் இருக்கும் மெஷின்கன் குழு ஒரு தோட்டாவும் சுடாமலேயே அரை மேசையை எதிரிக்கு மூடிவிடும். இழப்பைத் தலை எண்ணி அளப்பது மூன்றாவது. எட்டுப் பேரை இழந்தும் குறுக்குச் சாலையைப் பிடித்து நிற்கும் பிளாட்டூன், யாரையும் இழக்காமல் வேலிக்குப் பின்னே அமுங்கிக் கிடக்கும் பிளாட்டூனைவிட மேலான படை. காலம், மரணம், சரமாரி, அணி குலைவு, பயம் என்று பாணிகள் எதைச் சொன்னாலும், கடைசிச் சுற்றில் அந்தச் சாலையில் யார் நிற்கிறார் என்றே கணக்கு முடிகிறது.