பக்கமுகமும் சீலமும்

பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில் பிரபுக்கள் தம் உருவத்தை எழுதுவித்தது முகச்சாயலைக் காப்பதற்காக மாத்திரமன்று. தம் அந்தஸ்தையும் சீலத்தையும் பின்சந்ததியாரும் அறிய நிலைநாட்டுவதற்காகவுமாகும். அந்தஸ்தைப் பட்டும் முத்தும் தாமே பேசிவிடும். அகத்தே உறையும் சீலத்தை, புறத்தை மட்டுமே தீட்டவல்ல தூரிகை எங்ஙனம் உணர்த்துவது? இவ்வினாவுக்கு அக்காலத்தார் கண்ட விடையின் சிறப்பையும் குறையையும் ஒருங்கே காட்டுவது, உர்பினோவின் அதிபதி ஃபெடரிகோ டா மோன்டெஃபெல்ட்ரோவையும் அவர் மனைவி பத்திஸ்தா ஸ்ஃபோர்ஸாவையும் 1470-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பியரோ டெல்லா ஃபிரான்செஸ்கா தீட்டிய, இன்று ஃபுளோரன்ஸ் நகரத்து உஃபீட்சி காட்சிக்கூடத்தில் உள்ள இரட்டைப் பலகைச் சித்திரம்.

இருவரும் பழைய ரோமானிய நாணயங்களில் சக்கரவர்த்திகள் காணப்படுவதைப் போலவே பக்கமுகமாக, ஒருவரையொருவர் எதிர்நோக்கி, பரந்த நிலப்பரப்புக்கு மேலாக அசைவற்று விளங்குகின்றனர். நம்மைப் பாராத அந்த முகங்களில் தோன்றும் எட்டாத கம்பீரம் இம்முறையின் தலையாய வெற்றி. ஃபெடரிகோவின் கன்னத்து மருக்களையும் மூக்குத்தண்டின் முறிவையும் ஓவியர் மறைக்கவில்லை. ஆயினும் போர்விளையாட்டில் இழந்த வலக்கண் இருக்கும் பக்கம் நமக்குத் தெரியாதவாறு முகம் அமைந்துள்ளது. உண்மை சொல்லும் முறையே, சொல்லத்தகாததை ஒதுக்குவதற்கும் துணையாகிவிடுகிறது.

பலகையின் பின்புறத்திலோ சீலமே உருவெடுத்து வருகிறது. வெண்புரவிகள் இழுக்கும் வெற்றித்தேரில் கவசமணிந்து வீற்றிருக்கும் ஃபெடரிகோவுக்கு முன்னே நீதி, விவேகம், தீரம், மிதம் ஆகிய நான்கு குணங்களும் பெண் வடிவில் அமர்ந்திருக்கின்றன. படித்தோர் ஐயமின்றி உணரத்தக்க தெளிவான குறியீட்டு முறைதான் இது. ஆனால் குறியீடு நற்குணத்தின் பெயரைச் சொல்லுமேயன்றி அதற்குச் சான்றாகாது. கூலிப்படைத் தலைவரான இதே ஃபெடரிகோவின் தலைமையில் ஃபுளோரன்ஸின் சேனை 1472-இல் வோல்டெரா நகரைக் கைப்பற்றியபோது அந்நகரம் சூறையாடப்பட்டது என்பதை அறிந்தவர், தேரிலுள்ள நீதியையும் மிதத்தையும் எவ்வாறு நோக்குவர்?

பத்திஸ்தாவின் பங்கு இன்னும் குறுகியது. லத்தீன் கற்றவர், கணவர் போர்க்களம் சென்ற காலங்களில் ஆட்சியை நடத்தியவர். ஆனால் அவர் பலகையின் பின்புறத்துத் தேரை இழுப்பவை கற்பின் சின்னமான ஒற்றைக்கொம்புக் குதிரைகள். கீழே பொறித்த செய்யுளோ அவரைக் கணவருடைய செயல்களின் புகழால் அலங்கரிக்கப்பட்டவர் என்றே போற்றுகிறது. ஆணுக்குச் செயலும் பெண்ணுக்கு அடக்கமும் என்று சமூகம் முன்னரே வகுத்து வைத்த பட்டியலை ஓவியம் மீறவில்லை.

இம்முறையின் எல்லையை அக்காலத்தாரும் உணர்ந்தேயிருந்தனர். கிர்லாண்டாயோ 1488-ஐ ஒட்டித் தீட்டிய ஜொவான்னா தோர்னபுவோனியின் பக்கமுகச் சித்திரத்தில், ஒழுக்கத்தையும் உள்ளத்தையும் கலையால் தீட்ட இயலவில்லையே என்று ஏங்கும் ரோமானியக் கவி மார்ஷலின் வாக்கு எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே, 1433-இல், வடபுலத்து யான் வான் ஐக் சிவப்புத் தலைப்பாகை மனிதரை நம்மை நேராக நோக்க வைத்தார். அங்கே குணத்தைக் கூற அறிவிப்பாளர் எவருமில்லை, பார்ப்பவரே ஊகிக்க வேண்டும்.

பியரோ பலகையின் முன்புறத்தில் சாட்சியாகவும் பின்புறத்தில் வழக்கறிஞராகவும் நிற்கிறார். அந்தஸ்தை உணர்த்துவதில் இக்கலை முழுவெற்றி பெற்றது. சீலத்தைப் பொறுத்தமட்டில் அது தந்தது, பொருள் கொடுத்தோர் வேண்டிப் பெற்ற நற்சான்றிதழே.